இதயம் ஓய்வெடுக்கும் நேரம்

எல்லோருக்கும் வணக்கம்.

இதயத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள், "பிறந்த நாள் முதல் ஒரு நொடிகூட ஓய்வெடுக்காத உறுப்பு" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதயம் உழைக்கிற நேரத்தைவிட ஓய்வெடுக்கிற நேரம்தான் அதிகம். அந்த ஓய்வு குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் அமைப்பு. மூடிய கையளவு, ஏறத்தாழ 300 கிராம் எடை. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலப்பக்கம், உடம்பைச் சுற்றிவந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம், நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றி வந்த ரத்தத்தை உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ரத்தத்தை அனுப்ப 25 மி.மீ. பாதரச அழுத்தம் போதும். உடம்பு முழுவதும் அனுப்ப 120 வேண்டும். அனுப்பும் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி.

இப்போது சத்தத்துக்கு வருவோம். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் "லப்", மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வுகள் மூடும்போது எழுவது. "டப்", கீழறையிலிருந்து வெளியே போகும் வாசலில் உள்ள வால்வுகள் மூடும்போது எழுவது. லப் தொடங்கி டப் வரை உழைப்பு. டப் தொடங்கி அடுத்த லப் வரை ஓய்வு. வாய்ப்புக் கிடைத்தால் கேட்டுப் பாருங்கள், இரண்டாவது இடைவெளி நீளமாக இருக்கும். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் சுருங்குவது சுமார் 0.3 நொடி, தளர்ந்திருப்பது 0.5 நொடி. 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால், கீழறைகளுக்கு 15 மணி நேரம் ஓய்வு!

சரி, அந்த ஓய்வில் என்ன நடக்கிறது? இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, கீழறை நிரம்புவது. சாதாரண வேகத்தில் துடிக்கும்போது பெரும்பகுதி ரத்தம் தானாகவே இறங்கிவிடும். கடைசிப் பங்கை மட்டும் மேலறை சுருங்கித் தள்ளுகிறது. மேலறை தள்ளி முடிக்கட்டும் என்று, இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்தூண்டல், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. கணு என்ற இடத்தில் ஏறக்குறைய 0.1 நொடி காத்திருந்துதான் கீழே இறங்குகிறது.

இன்னொன்றுதான் என்னை இன்றும் வியக்க வைப்பது. இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தை உள்ளே ஓடும் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து கிளம்பும் கரோனரி தமனிகள்தான் கொண்டுவந்து கொடுக்கின்றன. இடது கீழறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களையே நசுக்கிவிடுகிறது. அதனால் அந்தத் தசைக்கு ரத்தம் முக்கியமாகத் தளரும்போதுதான் கிடைக்கிறது. உடம்புக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் தனக்கு.

வேகம் கூடினால் இரண்டு நேரமும் குறையும், ஆனால் ஓய்வுதான் அதிகம் வெட்டுப்படும். நிமிடத்துக்கு 200 துடிப்பு வந்தால் ஓய்வு 0.14 நொடி அளவுக்கு வந்துவிடும். தமனிகள் நன்றாக இருந்தால் விரிந்து ஈடுகட்டிவிடும். அடைப்பு இருந்தால் முடியாது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பீட்டா பிளாக்கர் மாத்திரையும் துடிப்பைக் குறைத்து இந்த ஓய்வை நீட்டுகிறது.

பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து, இதயம் விரிவதுதான் அதன் வேலை என்று நம்பினார்கள். 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, சுருங்கித் தள்ளுவதுதான் வேலை என்று நிறுவினார். அவர் சொன்னது சரி. ஆனால் விரிவதும் சும்மா நடப்பதில்லை என்று இன்றைக்குத் தெரியும். தசை தளர வேண்டுமானால், சுருங்கும்போது செல்லுக்குள் பரவிய கால்சியத்தைத் திரும்ப எடுத்து அதன் கிடங்கில் சேர்க்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். ஓய்வெடுக்கவும் இதயம் உழைத்தாக வேண்டும்.

பல வருடம் ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் கெடுவது இந்த இடம்தான். எதிர்ப்பை மீறித் தள்ளித் தள்ளி இடது கீழறைச் சுவர் மேலும் தடித்து விறைத்துப்போகும். தள்ளுகிற பலம் குறையாது, ஆனால் தளர முடியாது. அழுத்தம் பின்னால் நுரையீரலுக்கு ஏறி மூச்சு வாங்கும். இதயத்தை ஒலி அலையால் படம்பிடிக்கும் எக்கோ எடுத்தால் "பம்பிங் 60 சதவீதம், நார்மல்" என்று வரும். நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு பங்கை இடது கீழறை ஒரு துடிப்பில் தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். அதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பம்பிங் நார்மலாக இருக்கும்போதே இதயச் செயலிழப்பு வர முடியும்.

ஆகவே எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்தால் பம்பிங் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். "டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்", அதாவது இதயம் சரியாகத் தளரவில்லை, என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கிரேடு 1, அதாவது லேசான நிலை, என்றால் பதற வேண்டாம், வயதானவர்களில் பலருக்கு அது இருக்கும். ஆனால் அதைக் காட்டி, ரத்த அழுத்தம் எந்த அளவில் இருக்க வேண்டும், மூச்சு வாங்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.