மூன்று பேர், தலைக்கு நான்கு பாட்டு

அவையோருக்கு வணக்கம்.

டீனேஜ் ஃபேன்கிளப் என்ற ராக் இசைக்குழுவின் பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டாக வைத்த பெயர் மாதிரி இருக்கும். அந்தப் பெயரோடுதான் அவர்கள் முப்பது வருடத்துக்கு மேலாக மேடையேறிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தை ஒட்டியுள்ள பெல்ஸ்ஹில் அவர்கள் கிளம்பி வந்த ஊர். சூப் டிராகன்ஸ், பி.எம்.எக்ஸ். பாண்டிட்ஸ் ஆகிய குழுக்களும் அந்தச் சின்ன ஊர் வட்டாரத்துப் பிள்ளைகள்தான். ஒரு குழுவில் இருப்பவர் இன்னொன்றிலும் வாசிப்பார். பாய் ஹேர்டிரஸ்ஸர்ஸ் என்ற குழு கலைந்தபோது அதிலிருந்த நார்மன் பிளேக்கும் ரேமண்ட் மெக்கின்லியும் பேஸ் கிதார் வாசிக்கும் ஜெரார்ட் லவ்வைச் சேர்த்துக்கொண்டு 1989இல் தொடங்கியது இந்தக் குழு. டிரம்ஸ் ஆசனத்தில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: பிரான்சிஸ் மெக்டொனால்ட், பிரெண்டன் ஓஹேர், பால் குவின், பிறகு மறுபடியும் மெக்டொனால்ட்.

இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1991ஆம் ஆண்டில் போய் நிற்பார்கள். நியாயம்தான். அந்த ஆண்டு வந்த 'பேண்ட்வேகனெஸ்க்' ஆல்பத்தை அமெரிக்காவின் ஸ்பின் பத்திரிகை ஆண்டின் சிறந்த ஆல்பமாக அறிவித்தது. உலகமே கொண்டாடிய அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்ததும் அதே ஆண்டுதான். அந்த முடிவை இன்றைக்கும் சிலர் கேலி செய்கிறார்கள். கேலிக்கு அவசியமே இல்லை. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனே இவர்களை வாயாரப் புகழ்ந்தவர். 1992இல் தன் ஐரோப்பியக் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்க அழைத்துப் போனவர். ஆனால் ஒரு வருடத்துப் புகழை வைத்து முப்பது வருடத்தை விளக்க முடியாது. அதை விளக்குவது வேறொரு கணக்கு, அதற்கு வருகிறேன்.

முதலில், இவர்கள் வாசிக்கும் பவர் பாப் என்றால் என்ன? 1967இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைக் குறிக்கச் சொன்ன சொல் அது. அறுபதுகளின் இனிப்பான மெட்டு, அடுக்குக் குரல்கள், கீழே உரத்த கிதார். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழு எழுபதுகளில் இதை மிக நன்றாகச் செய்தது. ஆனால் விநியோகக் குளறுபடியால் இசைத்தட்டுகள் கடைக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. டீனேஜ் ஃபேன்கிளப் தங்கள் 1993 ஆல்பத்துக்கு 'தர்ட்டீன்' என்று பெயர் வைத்ததே பிக் ஸ்டாரின் பாட்டு ஒன்றை நினைத்துத்தான். கடனை மறைக்காத குழு.

இந்த இசையை வாசித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் இடறும் இடம் ஒன்று உண்டு. ஆம்ப்ளிஃபையரில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் கரகரப்பை, நிறையத் திருப்பிவிட்டு ஒரு மேஜர் கார்டை (சட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்தது) முழுசாக அடிப்பார்கள். சத்தம் வரும், பாட்டு வராது. காரணம் எளிது. டிஸ்டார்ஷன் என்பது இரண்டு சுரங்கள் சேரும்போது அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புது ஒலிகளாக உண்டாக்கிவிடும். சட்ஜமமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதம். அதில் பிறக்கும் கழித்தல் ஒலி சட்ஜமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே வந்து உட்காரும், ஒலி தடிக்கும். அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் கதை வேறு. கிதாரின் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரம். அதனால் பிறக்கும் ஒலிகள் எதிலும் ஒட்டாமல் கரகரக்கும். வழி என்ன? உரத்த கிதாரில் சட்ஜம பஞ்சமத்தை மட்டும் வையுங்கள். அல்லது கிதாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஆறு ஏழுக்கு இறக்குங்கள். கரகரப்பு குறைந்து கார்டு தெளியும். காந்தாரத்தைச் சுத்தமான ஒலியுள்ள இரண்டாவது கிதாருக்கோ பாடுகிறவர்களுக்கோ விட்டுவிடுங்கள்.

குரலில் இதைவிட அதிகம் தப்பு நடக்கும். இந்தக் குழுவில் மெட்டைப் பாடியவர் ஒருவர், துணைக்குரல் மற்ற இருவர். மூவருமே அடங்கிய தொண்டையில், அசைவே இல்லாமல் நேராகப் பாடியவர்கள். நம் பாடகர்களுக்கு இது கஷ்டம். கை தானாகத் தாளம் போடுவது போல, தொண்டை தானாகக் கமகம் போட்டுவிடும். இரண்டு குரல் வேறு வேறு சுரத்தில் நிற்கும்போது ஒன்று அசைந்தால் போதும், இணைப்பு உடைந்துவிடும். அடுத்தது, மேல்குரல் மெட்டுக்கு மூன்றாவது சுரத்திலேயே பாட்டு முழுக்க ஓட முடியாது. கார்டு மாறும் இடத்தில் அந்தச் சுரம் கார்டில் இல்லாமல் போகும். அங்கே நான்காவதுக்கு நகர வேண்டும். சொல்லின் கடைசி 'ஸ்', 'ட்' ஓசைகளை மெட்டுக்காரர் மட்டும் சொல்லட்டும். மற்றவர்கள் உயிரெழுத்திலேயே நிறுத்திவிடலாம். மூவரும் சொன்னால் பாம்பு சீறுகிற மாதிரி மூன்று முறை கேட்கும். சர்ச் காயரில் பாடியவர்கள் இதைத் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள்.

இனி அந்தக் கணக்கு. 'பேண்ட்வேகனெஸ்க்' ஆல்பத்தில் பெரும்பாலும் பிளேக்கும் லவ்வும் எழுதியவைதான். மெக்கின்லியின் பங்கு சொற்பம். ஆறு நிமிடம் ஓடும் 'தி கான்செப்ட்' பிளேக்குடையது. கிதாரின் ஃபீட்பேக் கீச்சோடு தொடங்கி, வேகமாகப் போய், பிறகு சட்டென்று நடை தளர்ந்து, வார்த்தையே இல்லாத குரல்களின் மேல் கிதார் தனியாக அலையும் பாட்டு அது. அடுத்து வந்த 'தர்ட்டீன்' தயாரிப்பில் இழுத்துக்கொண்டே போனது, விமர்சகர்களும் கைவிட்டார்கள். (அதே 1993இல் டி லா சோல் என்ற ஹிப்ஹாப் குழுவோடு சேர்ந்து 'ஃபாலின்' என்று ஒரு பாட்டுச் செய்தார்கள். தேடிக் கேளுங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.)

மீண்டது 1995இல், 'கிராண்ட் பிரீ' ஆல்பத்தில். டேவிட் பியாங்கோ தயாரிப்பு, ஆக்ஸ்போர்ட்ஷயரின் மேனர் ஸ்டூடியோ. மூன்று பேரின் எழுத்தும் ஏறக்குறையச் சமமானது இங்கேதான். லவ்வின் 'ஸ்பார்க்கிஸ் ட்ரீம்', பிளேக்கின் 'மெல்லோ டவுட்', மெக்கின்லியின் 'அபௌட் யூ' மூன்றும் ஒரே தட்டில். என் கணிப்பில் இதுதான் அவர்களின் உச்சம். 'பேண்ட்வேகனெஸ்க்' ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். 1997இல் வந்த 'சாங்ஸ் ஃப்ரம் நார்தர்ன் பிரிட்டன்' பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. பன்னிரண்டு பாட்டு, தலைக்கு நான்கு. பிற்பாடு 2010இன் 'ஷேடோஸ்', 2016இன் 'ஹியர்' இரண்டிலும் அதே பன்னிரண்டு, அதே நான்கு.

இதனால் என்ன லாபம்? ஒருவரே எல்லாம் எழுதினால் இரண்டு வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நல்ல பாட்டு வேண்டும், சரக்கு தீரும். நான்கு போதும் என்றால், தேறியதை மட்டும் கொண்டுவரலாம். தன் நான்கு தவிர மற்ற எட்டிலும் ஒவ்வொருவருக்கும் துணைக்குரல் வேலை இருந்தது. சும்மா நிற்க ஆள் இல்லை. பெயரும் வருமானமும் ஒருவர் பக்கம் சாயவில்லை. குழுக்கள் உடைவது பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான். அதுவரை இவர்கள் ஆல்பங்களை வெளியிட்ட கிரியேஷன் கம்பெனி மூடியபின் 2000இல் 'ஹவ்டி!' சோனியின் கொலம்பியா வழியாக வந்தது; 2005இன் 'மேன்-மேட்' முதல் பெமா என்ற சொந்த லேபிள். அந்த ஆல்பத்தை தயாரிப்பாளர் ஜான் மெக்கென்டையரோடு சிகாகோவில் செய்தார்கள். ஆல்பங்களுக்கு இடையே ஐந்தாறு வருடம் இடைவெளி விழுந்தது. அவசரம் இல்லாத குழு.

இந்தப் பங்கீட்டுக்கு ஒரு விலை உண்டு. அது 2018இல் தெரிந்தது. வெளிநாட்டுப் பயணத் திட்டத்தில் கருத்து ஒத்துப்போகாமல் ஜெரார்ட் லவ் விலகினார். கிரியேஷன் காலத்து ஆல்பங்களை முழுதாக வாசித்த அந்த ஆண்டின் கச்சேரிகளோடு அவர் பங்கு முடிந்தது. அவரோடு 'ஸ்பார்க்கிஸ் ட்ரீம்', 'எய்ன்ட் தட் இனஃப்', 'ஸ்டார் சைன்' எல்லாம் மேடையை விட்டுப் போயின. எழுதியவர்தான் பாடுவார் என்பது வழக்கம். மற்றவர்கள் எடுத்துப் பாடவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குழுவில் கீபோர்டு வாசித்துவந்த டேவ் மெக்கோவன் பேஸுக்கு மாறினார், கீபோர்டுக்கு யூரோஸ் சைல்ட்ஸ் வந்தார். 2021இல் 'எண்ட்லெஸ் ஆர்கேட்', 2023இல் 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்'. எழுத்து இப்போது இருவர் தோளில். இந்த இரண்டு ஆல்பத்திலும் வேகம் குறைவு. லவ்வின் துள்ளும் மெட்டுகள் இல்லாதது காதில் படத்தான் செய்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'கிராண்ட் பிரீ'யில் தொடங்குங்கள். முதல் முறை மெட்டோடு போங்கள். இரண்டாம் முறை மெட்டை விட்டுவிட்டு மேல்குரல் மெட்டிலிருந்து எங்கே விலகுகிறது, எங்கே வந்து சேருகிறது என்று மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை பேஸ் கிதார். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் வரவே வராது.