பழைய 121 கொரோலாவுக்கு ஓட்டோ கியர் ஒயில் மாற்றும் முறை

(திரையில்: பொனட் திறந்த கொரோலா 121. டிப்ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் குச்சியை) இழுக்கும் கை.)

"பழைய ஓட்டோ கியரில ஒயிலைத் தொடாதீங்க, மாத்தினா கியர் இழுக்காமப் போயிடும்." ஓட்டோ கியர், அதாவது தானாக மாறும் கியர், பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஒயில் ஞாபகம் வருகிறது. தேய்ந்த தட்டைப் புது ஒயில் திருப்பித் தராது. மறுகிழமை வண்டி நின்றால் பழி ஒயில் மேல் விழுகிறது. மெஷினால் அமுக்கம் கொடுத்து மொத்தமாகக் கழுவுவதும் பழைய கியர் பெட்டிக்கு ஆபத்துதான். அடியில் படிந்த அழுக்கு கிளம்பி வால்வுகளின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்கும்.

நாம் செய்யப்போவது அதுவல்ல. ஒயில் வடிக்கும் அடி நட்டைக் கழற்றி, வழிவதை மட்டும் வழியவிட்டு, அதே அளவு புதிது ஊற்றுவது. கியர் இப்போது ஒழுங்காக மாறுகிற காருக்கு இது பாதுகாப்பான வேலை. வழுக்குகிற காருக்கு வேண்டாம். முதலில் கியர் பார்க்கிற மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

(திரையில்: வெள்ளைத் துணியில் நான்கு துளி ஒயில், சிவப்பு, மண்ணிறம், கறுப்பு, பால்கலந்த றோஸ்.)

முதலில் டிப்ஸ்டிக்கில் ஒட்டும் ஒயிலின் நிறம் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. மண்ணிறம் என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, தீய்ந்த வாசம் அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. காத்தான்குடி மெயின் வீதியில் ஏசியும் போட்டு ஊர்ந்து போகிற வண்டிக்கு, நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டியை விடப் பெட்டிச் சூடு அதிகம். ஒயிலின் வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் நம் பகுதியில் 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதே சரி என்பது எங்கள் கருத்து.

நான்காவது, பால்கலந்த றோஸ் நிறம்தான் நம் ஊருக்கு முக்கியம். ஒயிலில் தண்ணீர் கலந்தால் இப்படி இருக்கும். மாரி மழையில் வீதி வெள்ளமாக இருக்கும்போது, ஓடிச் சூடான பெட்டி தண்ணீருக்குள் இறங்கினால் திடீரென்று குளிர்ந்து சுருங்கும். மேலுள்ள காற்றுத் துளை தண்ணீருக்குள் இருந்தால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். றேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் குழாய் அரித்து ஓட்டை விழுந்தாலும் இதே பால்நிறம்தான். றேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும். தண்ணீரில் எண்ணெய்ப் படை மிதந்தால் காரணம் அதுவே. இரண்டில் எதுவானாலும் வண்டியை ஓட்டக்கூடாது. கிளட்ச் தட்டின் உராய்வுத் தாள் பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் அந்தப் பசையை விடுவிக்கும்.

இனி ஒயில். 121 கொரோலாவின் நான்கு கியர் ஓட்டோவுக்கு டொயோட்டா டைப் டி-4. டின்னில் நான்கு என்பது ரோம இலக்கத்தில் இருக்கும். கடையில் "டபிள்யூ.எஸ். இருக்கு, அதுவும் டொயோட்டாதான்" என்பார்கள். வாங்க வேண்டாம், அது டி-4 ஐ விட மெல்லியது, வேறு பெட்டிகளுக்கானது. உங்களுடையது சிவிடி கார் என்றால் இந்த வீடியோவில் சொல்லும் ஒயில் ஒன்றுமே பொருந்தாது. பெல்ட்டில் ஓடுகிற அந்தப் பெட்டிக்குச் சாதாரண ஓட்டோ ஒயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டியே போய்விடும். கைநூலில் உள்ள பெயரும் டின்னில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு லீற்றர் டின் ஒன்று ஒரு தடவைக்குப் போதும். சீல் உடையாததா என்று பார்த்து வாங்குங்கள்.

கூடவே ஒரு புது நட் வாஷர், 10 மில்லிமீற்றர் அலன் கீ (ஆறு மூலைக் குழிக்குள் விட்டுத் திருப்பும் சாவி), நீண்ட குழாய் பூட்டிய ஒடுங்கிய புனல், பேசின், அளவு குறித்த போத்தல்.

(திரையில்: மணல் முற்றம். தடித்த பலகை மேல் ஜக்.)

கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் முற்றம் பெரும்பாலும் மணல். வெறும் மணலில் ஜக் வைத்தால் பாரம் ஏற ஏறச் சரியும். கீழே அகலமான தடித்த பலகை போடுங்கள். தூக்கியதும் இரு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் வெடித்து நொறுங்கும். பின் சில்லுக்குக் கல் அணை, ஹேண்ட் பிரேக், கியர் பி-யில். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கு அடியில் போகக்கூடாது.

அதற்கு முன் பத்து நிமிடம் ஓட்டி வந்து, கால் மணித்தியாலம் ஆற விடுங்கள். இளஞ்சூட்டில் ஒயில் நன்றாக வழியும், கையும் வேகாது.

இப்போது நட். வீட்டில் செய்பவர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடம் இதுதான். காருக்கு அடியில் இரண்டு நட்டு இருக்கிறது. 14 மில்லிமீற்றர் ஸ்பேனர் பிடிக்கிறது எஞ்சின் ஒயில் நட். கியர் பெட்டி இடப்பக்கம், சாரதிக்கு எதிர்ப்பக்கம்; அதன் நட்டில் அலன் கீ போகும் குழி இருக்கும். மாறிக் கழற்றி எஞ்சின் ஒயிலை இறக்கிவிட்டு, பெட்டிக்குள் மூன்று லீற்றர் கூடுதலாக ஊற்றினால் இரண்டும் ஒரே நாளில் பழுதாகும். முதல் துளியைப் பாருங்கள். எஞ்சின் ஒயில் போல இருந்தால் உடனே திரும்ப இறுக்குங்கள்.

கடற்காற்றில் அலன் குழி துருப்பிடித்திருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஒயில் அடித்து, கீயைச் சுத்தியலால் முழு ஆழத்துக்கும் தட்டி இறக்கிய பிறகே திருப்புங்கள். பாதி இறங்கிய கீ குழியை வட்டமாக்கிவிடும்.

வழிந்தது ஏறக்குறைய மூன்று லீற்றர் இருக்கும். பெட்டிக்குள் இருப்பதில் இது சுமார் பாதி. மிச்சம் பெரும்பாலும் டோர்க் கன்வேட்டருக்குள் (எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியே பெட்டிக்குக் கடத்தும் பாகம்) நிற்கும், அது வராது. வழிந்ததை ஆறவைத்து அளந்து எழுதி வையுங்கள். சூட்டில் அளந்தால் ஐம்பது, அறுபது மில்லிலீற்றர் கூட்டிக் காட்டும்.

ஒயில் பான், அதாவது பெட்டியின் அடித் தட்டு, இம்முறை கழற்றத் தேவையில்லை. அடுத்த தடவை கழற்றினால் உள்ளே காந்தங்கள் தெரியும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழமை. கையில் குத்துகிற உலோகத் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. அந்தத் தட்டைப் பூட்டும்போது சிலிக்கன் பசை அப்பாதீர்கள். பிதுங்கிய துண்டு பில்டரில் போய் நிற்கும். பான் போல்ட்டுகள் சிறியவை, பலம் போட்டால் உடையும்.

(திரையில்: டிப்ஸ்டிக் குழாயில் புனல்.)

புது வாஷரோடு நட்டைப் பூட்டி, ஸ்டாண்டில் இருந்து இறக்கி, சமதரையில் நிறுத்துங்கள். டிப்ஸ்டிக் குழாய் வழியே முதலில் இரண்டரை லீற்றர் மட்டும், மெதுவாக. எஞ்சினை ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதித்தபடி பி-யில் இருந்து எல் வரை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு, மூன்று செக்கன் நிறுத்தித் திரும்ப வாருங்கள். பிறகு எழுதி வைத்த அளவுக்கு மிச்சத்தை ஊற்றுங்கள்.

கடைசித் தீர்ப்பைச் சூட்டில்தான் எடுக்க வேண்டும். கல்லடியில் இருந்து ஆரையம்பதி வரை போய்த் திரும்பினால், வழியில் காத்தான்குடி நெரிசலும் சேர்ந்து பெட்டி நன்றாகச் சூடாகிவிடும். சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பி-யில் வைத்துக் குச்சியை எடுத்துத் துடைத்து, திரும்ப முழுதாக விட்டு எடுங்கள். இரு பக்கமும் வேறு அளவு காட்டினால் குறைந்த பக்கமே சரி. ஊற்றிய ஒயில் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்து குச்சியில் பூசும். மட்டம் 'ஹொட்' குறிகள் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் நூறு நூறு மில்லிலீற்றராக. கூடினால் அப்படியே விட்டுவிடாதீர்கள். சுழலும் பற்கள் ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரையில் அமுக்கம் நிற்காது, கியர் வழுக்கும். மெல்லிய குழாய் பூட்டிய சிரிஞ்சால் குச்சிக் குழாய் வழியே உறிஞ்சி எடுக்கலாம்.

இந்த முறை பாதி புதிது. ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின் இன்னொரு தடவை செய்தால் முக்கால். மூன்றாம் தடவைக்குப் பின் நூற்றுக்கு 87 அளவு. பழைய பெட்டிக்கு இந்த மெதுவான வழிதான் நல்லது.

கழிவு ஒயிலை டின்னில் அடைத்துச் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். வேலிக் கட்டைக்குப் பூசவும் வேண்டாம், கிடங்கு வெட்டி ஊற்றவும் வேண்டாம். நம் மணலில் கிணற்று நீர் சில அடி ஆழத்தில் நிற்கிறது. இன்று ஊற்றியது அடுத்த மழையோடு உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ இறங்கிவிடும்.