டக்கா, டமாரா?

நடுவர் அண்ணாச்சி, ரெண்டு அணிக்காரவுக, சாமி பார்க்க வந்து நமக்காகவும் உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள், எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு, 'பிள்ளைகள் கேட்பது பெற்றோரின் நேரமா, நிதானமா?' நிதானந்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின அண்ணாச்சி ஒரு வார்த்தை விட்டுட்டுப் போனாக. "தங்கச்சிக்குப் பகல்ல ஆபீஸ், ராத்திரி மேடை. அவுக பிள்ளைக அம்மா முகத்தைப் பார்க்கிறதே சுவத்துப் போஸ்டர்லதான்!" எல்லாரும் கை தட்டினீக. தட்டினதுல பாதி பொம்பளைக கை. அதுதான் எனக்கு வலிச்சுது.

அண்ணாச்சி, என் பிள்ளைக முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாலயே என்னைப் படிச்சிரும். எங்க வீட்டு வாசல்ல ஒரு கம்பிக் கதவு. சாயங்காலம் ஏழு மணிக்கு வருவேன். நல்லபடியா வந்து கொக்கியை மாட்டினா, டக். மாசக் கடைசி, கணக்கு நேராகல, மேலதிகாரி நாலு பேருக்கு முன்னால ஏசிட்டாருன்னா, தள்ளிச் சாத்துற சாத்துல, டமார். இப்படி ஒரு வித்தியாசம் இருக்குன்னு எனக்கே தெரியாது.

ஒருநாள் கதவு திறந்தே கிடந்துது. சத்தமில்லாம உள்ள வந்துட்டேன். ஜன்னல் வழியா எட்டு வயசு மக குரல் கேட்குது: "எலே, அம்மா வார நேரம். டக்கா டமாரான்னு காதைக் குடுத்துக் கேளுலே." நாலு வயசுப் பய கேட்கான்: "டமார்னா என்னக்கா செய்யணும்?" "பொம்மையை எல்லாம் கட்டிலுக்குக் கீழ தள்ளு. புஸ்தகத்தை விரி. பசிக்குன்னு சொல்லாத." "டக்குன்னா?" "ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கலாம்."

திரும்பச் சொல்லுதேன், பசிக்குன்னு சொல்லாத! உலையில சோறு இருக்கு. பெத்தவ வாசல்ல நிக்கேன். நேரத்துக்கு என்ன குறை அண்ணாச்சி? இந்த மேசையில தட்டுதேன், கேளுங்க. இது டக். இது... டமார்! பாருங்க, முன் வரிசையில அந்தக் குட்டிப் பய திடுக்கிட்டு அவுக அம்மா மடியில ஏறிட்டான்.

1999-ல அமெரிக்காவுல எலன் கலின்ஸ்கின்னு ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா, ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிக்கூடப் பிள்ளைககிட்ட ஒரு கேள்வி கேட்டாக. 'உங்க அம்மா வேலைக்குப் போறதால உன் வாழ்க்கையில இருக்கிற ஏதாவது ஒண்ணை மாத்தலாம்னா, எதை மாத்துவ?' பிள்ளைக நேரத்தைத்தான் கேட்கும்னு பாதிக்கு மேற்பட்ட பெத்தவுக நினைச்சாக. அம்மாவோட இன்னும் நேரம் வேணும்னு கேட்டது 100-க்கு 10 பிள்ளைக. அம்மா களைப்பும் மனபாரமும் இல்லாம வரணும்னு கேட்டது 34! அந்த ஊர் பிள்ளையும் கதவுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.

டமார் எங்கிருந்து வருது? 2019-ல நம்ம அரசாங்கமே நாடு முழுக்க நேரக் கணக்கு எடுத்துது. சம்பளமில்லாம தன் வீட்டு வேலை பார்க்கிறவுகள்ல பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம். ஆம்பளைக்கு 97. போஸ்டரைக் கிண்டல் பண்ணின அண்ணாச்சி அந்த 202 நிமிஷத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

வேலைக்குப் போகாம வீட்டோட இருந்தாச் சரியாயிருமா? 1970-கள்ல எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு உளவியலாளர் செஞ்ச சோதனை உண்டு. கொஞ்சிக்கிட்டு இருந்த தாயை ரெண்டு மூணு நிமிஷம் முகத்தை அசையாம வச்சுக்கச் சொன்னாரு. பிள்ளை சிரிச்சுப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில முகத்தைத் திருப்பிக்கிடும். அத்தனைக்கும் தாய் எதிர்லயேதான் இருக்கா.

நான் அப்படி ஒரு முகத்துக்கு முன்னால வளர்ந்தவ. எங்க அம்மை பீடி சுத்தினா. பகல் பூரா வீட்டுலதான். சொளகை மடியில வச்சுக்கிட்டு, இலையை வெட்டி, தூளை வச்சு உருட்டி, நூலைச் சுத்துவா. நான் எதிர்ல உட்கார்ந்திருப்பேன். நிமிர்ந்து பார்க்க மாட்டா. பார்த்தா எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைஞ்சா கூலி குறையும். சாயங்காலம் கடையில பீடியைக் கொடுக்கப் போவா. சரியில்லைன்னு கடையில கழிச்சுப் போட்ட பீடி கம்மியா இருந்தா முந்தியில காராச்சேவு பொட்டலம் இருக்கும். திண்ணையில என் தலையை மடியில சாய்ச்சுப் பேன் பார்ப்பா. விரல் எல்லாம் புகையிலை வாடை. அந்தக் கால்மணி நேரந்தான் அண்ணாச்சி எனக்கு அம்மை. அவளுக்குப் போஸ்டர் கிடையாது. அவ பேரு கடைப் பாஸ்புத்தகத்துல மட்டுந்தான் இருந்துது.

நடுவர் மணி அடிச்சிட்டாக. ஒரே ஒரு நிமிஷம். நேத்து ஆபீஸ்ல பெரிய ஏச்சு. தெரு முக்குல வேப்பமரத்தடியில வண்டியை நிப்பாட்டினேன். அம்மை விரல் ஞாபகம் வந்துது. அழுதேன், முகத்தைக் கழுவினேன், பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். கம்பிக் கதவைக் கையால பிடிச்சுச் சாத்தி, கொக்கியை மாட்டினேன். உள்ளயிருந்து சின்னவன் சத்தம் போடுதான்:

"எக்கா, டக்கு! பசிக்குன்னு சொல்லலாமா?"