பாட்டு ஓடுகிறது, காசு யாருக்கு?

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். திரைப்படப் பாடலாசிரியர் நா. முத்துக்குமாரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். விருதுக் கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ‘தங்கமீன்கள்’, ‘சைவம்’ இரண்டு படப் பாடல்களுக்கும் அடுத்தடுத்து தேசிய விருது. சரி, இனி ஆளிடம் வருவோம்.

1975-இல் காஞ்சிபுரம் பக்கம் கன்னிகாபுரத்தில் பிறந்தவர். இயக்குநராகும் ஆசையில் பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்தார். நடுவில் வந்த பாட்டு, ஆளை விடவில்லை.

மெட்டுக்கு எழுதுவது லேசுப்பட்ட வேலையல்ல. இசையமைப்பாளர் ‘தனனானா’ என்று தத்தகாரம் பாடுவார். ‘கனவே நீ’ என்று எழுதினால் சம்மணம் போட்டு உட்காரும். ‘கனவுக்கு’ என்று எழுதிப் பாருங்கள். ‘க்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் எழுத்துக் கணக்கு சரிதான். ஆனால் இழுத்துப் பாட அங்கே நெடில் ஏது? இந்த இடுக்குக்குள்தான் கதை, பாத்திரம், உணர்ச்சி எல்லாம் வர வேண்டும். ‘தங்கமீன்கள்’ பாட்டில் முத்துக்குமார் அதற்குள் ஓர் அப்பனையும் மகளையும் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

2016 ஆகஸ்ட் 14 அன்று போய்விட்டார். வயது 41. பாட்டு மட்டும் எஃப்.எம்.மிலும் கல்யாண மண்டபத்திலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காசு யாருக்கு? கவிஞருக்குப் பொன்னாடை போர்த்துகிற நாம் இதை மட்டும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

படத்துக்காக எழுதிக் கொடுத்த பாட்டுக்குத் தயாரிப்பாளரே உரிமையாளர் ஆகலாம் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருமுறை சம்பளம் வாங்கினால் அதோடு சரி என்ற வழக்கம் அப்புறம் ஊறிப்போனது. இதை எதிர்த்து மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் நம்ம மும்பைக்காரர், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்து, பாட்டு வேறு எங்கே பயன்பட்டாலும் அதற்குக் கிடைக்கிற காசில், அதாவது ராயல்டியில், சமபங்கு எழுதியவருக்கு உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. எழுதியவர் காலமான பிறகும் பாட்டுக்கு 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு.

அந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிற ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம் இதே மும்பையில்தான் இருக்கிறது. ஆல்பம், விளம்பரம், வெப் சீரிஸ் என்று எழுதுகிற பிள்ளைகள் இங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே உறுப்பினராகிவிட்டீர்களா? இல்லையென்றால் டீ குடிக்கும்போது என்னிடம் வாருங்கள், என்னென்ன காகிதம் வேண்டும் என்று பார்ப்போம்.