கூடை கொடுத்தேன், கோழி வந்தது

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தன் கையால் செய்து கொடுத்த ஒரு பொருளுக்கு, எதிர்பாராத நேரத்தில் எதிர்ப்பரிசு ஒன்று வந்து சேர்ந்தால், அது மகிழ்ச்சியா, சுமையா என்பதுதான் இன்றைய கேள்வி. மகிழ்ச்சியே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் சுமையே என்று பதினைந்து நிமிடம் பேசினார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அரங்கம் அதிரக் கைதட்டல் வாங்கியது ஒரே ஒரு வரிதான். “கையால் எதையோ பின்னிக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும், இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிறவர்கள்” என்றார். நடுவர் அவர்களே, நான் சைவ வீட்டில் பிறந்தவள். என்னைப் பார்த்து இறால் என்றும் சுறா என்றும் பேசியதற்கே அவருடைய மதிப்பெண்ணில் ஐந்தைக் குறைக்கலாம். குறைக்காவிட்டாலும் பரவாயில்லை. நான் போட்டது இறாலும் அன்று, எனக்குக் கிடைத்தது சுறாவும் அன்று. நான் போட்டது ஒரு வயர்க்கூடை.

1988ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் என் ஆச்சி வீட்டில் இருந்தேன். அந்தக் காலத்தில் விடுமுறை வந்தால் பெண் பிள்ளைகள் வயர்க்கூடை பின்னுவார்கள் என்பது இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெட்டிக்காரிகள் சிவன் கண் முடிச்சுப் போடுவார்கள். அவர்களைவிடக் கெட்டிக்காரிகள் நெல்லிக்காய் முடிச்சுப் போடுவார்கள். நான் சாதா முடிச்சுக்காரி. சிவப்பு ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு என்று வாங்கி, அடிப்பகுதியைப் பின்னி, மூலையைத் திருப்பி, பக்கங்களை எழுப்பிக் கைப்பிடி போட்டு முடிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. முடிச்சுகளை முதல் இரண்டு நாள் ஆசையில் இறுக்கிப் போட்டதும், அடுத்த நான்கு நாள் அலுப்பில் தளர்த்திப் போட்டதும் சேர்ந்து, கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தரையில் வைத்தால், யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதில் தக்காளி வாங்கினால் எல்லாம் ஒரே மூலைக்குப் போய் நசுங்கும்” என்றாள். மாமா, “குப்பை அள்ள ஆகும்” என்றார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது மாமா சொன்னதைவிட மோசம்.

அந்தத் தெருவுக்கு அன்றாடம் விடியற்காலையில் ஒரு கீரைக்காரம்மா வருவாள். தண்டுக்கீரை, அரைக்கீரை, துவாதசிக்கு அகத்தி. இருபது வருடமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடையை இறக்கியவள், ஒரு நாளும் நடையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அது அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லி நாம் கடந்துபோகிறோம், நானும் இப்போதைக்குக் கடந்துபோகிறேன். வெற்றிலை, சில்லறை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அவள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, ஒன்றை எடுக்க மூன்றைக் கீழே போடுவதைப் பார்த்த எனக்கு, வீட்டில் யாருக்கும் வேண்டாத கூடை இவளுக்கு உதவும் என்று தோன்றியது. கொடுத்தேன். அவள் அதை வாங்கி, நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்து, “யாருக்கு?” என்றாள். “உங்களுக்குத்தான், நானே பின்னினேன்” என்றேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஆச்சி, “ஏட்டி, உன் கூடைக்குப் பயந்து ஊரைவிட்டே போய்விட்டாளோ?” என்றாள். நான்காம் நாள் எங்கள் வீட்டில் கீரையே இல்லை, நான்தான் குற்றவாளி. எதிரணி நண்பர் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்மை. சுறாவுக்காக அன்று. கீரைக்காக.

ஐந்தாம் நாள் வந்தாள். தலையில் கீரைக்கூடை, கையில் என் கூடை. என் கூடையின் மேல் ஒரு பழைய துணி. அந்தத் துணி அசைந்தது. நான் பின்னிய கூடை சாயும் என்பது எனக்குத் தெரியும், அசையும் என்பது தெரியாது. அடுத்து அது கொக்கரித்தது. துணியை விலக்கினாள். முதல் முட்டைக்குத் தயாராக இருந்த ஒரு வெடைக்கோழி, சாய்ந்த பக்கத்தில் வாகாக உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஆச்சியை நேருக்கு நேர் பார்த்தது. தன் வாழ்நாளில் வெங்காயத்தையே யோசித்து யோசித்துச் சேர்த்த என் ஆச்சியும் அதைப் பார்த்தாள். அந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நான் நின்றேன்.

“இருபது வருசமா வர்றே, எங்க வீட்டுக்குக் கோழியா?” என்றாள் ஆச்சி. அதற்குக் கீரைக்காரம்மா சொன்ன பதிலை, இன்றுவரை எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குக் கல்யாணம் யாராவது சொல்லிக் காட்டுவார்கள். “சாப்பிடவா தந்தேன்? பாப்பா வளக்கட்டும்னு தந்தேன்.”

இதே கதையை என் மாமா சொல்லும்போது, கோழி பறந்துபோய்ப் பூஜை அறை விளக்கை அணைக்கும். அம்மா சொல்லும்போது, ஆச்சி மயங்கி விழுவாள். நான் நேரில் பார்த்தவள் என்பதால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்: விளக்கும் அணையவில்லை, ஆச்சியும் விழவில்லை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஆச்சி வெகுநேரம் யோசித்தாள். திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவள் மனம் நோகும், வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். கடைசியில், கோழி தொழுவத்தில் இருக்கலாம், நடையைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள். தீர்ப்பு கோழிக்குச் சொல்லப்படவில்லை போலும். இருபது வருடம் கீரைக்காரம்மா தாண்டாத நடையை அது இரண்டே நாளில் தாண்டி, நாலாம் நாள் ஆச்சியின் அரிசி முறத்தில் முதல் முட்டையை இட்டது. பெரிய முட்டை அன்று, வெடைக்கோழியின் முதல் முட்டை எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். ஆச்சி அதைக் கையால் தொடாமல் முறத்தோடு தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு நடந்த நடையை, தேர்க்காலுக்குக் கட்டை போடுகிறவர்களின் கவனத்தோடுதான் ஒப்பிட முடியும். எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் நான் ஊர் திரும்பினேன். மிச்சக் கதை இன்லண்ட் கடிதங்களில் வந்தது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குகிற ஆச்சியின் கடிதம், இரண்டாம் வரியிலேயே கோழிக்குப் போய்விடும். முட்டையை விற்கவும் மனமில்லை, தூரப் போடவும் மனமில்லை என்பதால் எல்லாம் தொழுவத்திலேயே சேர்ந்தன. அடுத்த தெருச் சேவலின் நல்லெண்ணத்தில் கோழி பதினோரு முட்டைகளோடு அடையில் உட்கார்ந்தது. இருபத்தோரு நாளில் ஒன்பது குஞ்சு பொரித்தது. எங்கள் சைவ வீட்டு முற்றத்தில் பஞ்சாரம் ஒன்று குடியேறியது.

சுமை என்றால் இதுதான் சுமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஆச்சி சுமந்த விதத்தைப் பாருங்கள். குஞ்சுகளில் நான்கைப் பிடித்து, அதே கோணல் கூடையில் வைத்து, கீரைக்காரம்மாவிடம் கொடுத்தாளாம். அன்றிலிருந்து ஒவ்வொரு துவாதசிக்கும் அகத்திக்கீரைக்கு அவள் காசு வாங்கவில்லையாம். அதற்காக ஆச்சி தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாளாம். இதில் யார் யாருக்குப் பாக்கி என்று எதிரணி நண்பர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அவர் கணக்கு ஆசிரியர்தானே!

அவர் மொய்யைப் பற்றியும் சொன்னார். பேராவூரணிப் பக்கமும் கீரமங்கலம் பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைப்பதையும், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டுப் போட்டுப் பல வருடம் காப்பதையும், திருப்பிச் செய்யாவிட்டால் முகம் கொடுத்துப் பேசாமல் போவதையும் எடுத்துக்காட்டி, எதிர்ப்பரிசு என்பதே கடன் என்றார். ஐயா, மொய் கடன்தான். நானே ஒப்புக்கொள்கிறேன். வட்டியில்லாக் கைமாற்று என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள், தெரிந்தேதான் வாங்குகிறார்கள், அதனால் எத்தனையோ பேருக்குக் கிணறு வெட்டவும் கடை வைக்கவும் முடிகிறது. ஆனால் அதில் எதிர்பாராதது எங்கே இருக்கிறது? நகரத்துப் பிறந்தநாள் விழாக்களில் குழந்தைகளுக்கு முன்கூட்டியே டஜன் கணக்கில் வாங்கி அடுக்கி வைத்து, வாசலில் நின்று நீட்டுகிற ரிட்டர்ன் கிஃப்ட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். தலைப்பிலுள்ள ‘எதிர்பாராமல்’ என்ற சொல்லை நண்பர் மேடையேறும்போதே கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார். நம் வீடுகளில் பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பாமல், ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கிறோமே, அதற்கு எந்த நோட்டில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்?

இலக்கியத்துக்கும் போனார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு. அதியமானைக் காணப் பெருஞ்சித்திரனார் மலையும் குன்றும் கடந்து போகிறார். அதியமான் நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர், “வாணிகப் பரிசிலன் அல்லேன்” என்று மறுத்துவிடுகிறார். பரிசு சுமை என்பதற்குச் சங்கச் சான்று இது என்றார் நண்பர். பாட்டை ஒரு வரிக்கு முன்பே நிறுத்திவிட்டார், நடுவர் அவர்களே. அடுத்த வரியிலேயே புலவர், என்னைப் பேணி, என் தகுதியை அறிந்து கொடுத்தால் அது தினை அளவே ஆனாலும் இனிது என்கிறார். அவருக்குப் பரிசு சுமையாக இல்லை. தன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்ததுதான் சுமையாக இருந்தது. கீரைக்காரம்மாவின் முகத்தை அன்றாடம் பார்த்தோம், அவளிடம் எங்கள் வீடு இருபது வருடமாகக் கேட்டதெல்லாம் “கட்டு என்ன விலை?” என்பது ஒன்றுதான். அவள் நான்கு நாள் காணாமல் போனது எதற்கென்று எங்களில் யாரும் அவளைக் கேட்கவில்லை. கோழியைப் பார்த்த பரபரப்பில் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பதில் எனக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் கிடைத்தது. ஆச்சி போய்ச் சேர்ந்து, வீடும் கைமாறி, ஒரு பத்திரக் கையெழுத்துக்காக அம்பாசமுத்திரம் போயிருந்தேன். கீரைக்காரம்மாவும் காலமாகிவிட்டாள் என்றார்கள். ஆற்றுக்கு அக்கரையில், கல்லிடைக்குறிச்சியை ஒட்டிய ஓர் ஊரில் அவளுடைய மகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை, போனேன். தாழ்வான வீடு. உத்தரத்தில் ஒரு ஆணி. ஆணியில் என் கூடை. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது, வெள்ளை மஞ்சளாகிவிட்டது, ஒரு கைப்பிடி அறுந்து அந்த இடத்தில் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. உள்ளே ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, கீரைக்காரம்மாவின் ஒரு சின்னப் புகைப்படம். தொங்குகிறபோதும் அது சாய்ந்துதான் இருந்தது.

நான் யார் என்று சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். “அந்தக் கோழி எனக்கு வரவேண்டியதுக்கா” என்றார். 1988 கோடையில் அவர் மூன்று மாதக் கர்ப்பிணி. பிள்ளை பெற்றால் மகளுக்குச் சாறு வைத்துக் கொடுக்கவென்று, பருந்துக்கும் கீரிக்கும் தப்ப வைத்து, அந்த ஒரே ஒரு வெடைக்கோழியை அம்மா அவர் வீட்டில் விட்டு வளர்த்திருக்கிறாள். அதைக் கேட்டு வாங்கத்தான் வியாபாரத்தை விட்டுவிட்டு நாலு நாள் மகள் வீட்டில் கிடந்திருக்கிறாள். “தர மாட்டேன்னு சண்டை போட்டேன். ‘உனக்கு வேற வளத்துத் தாரேன். எனக்குன்னு ஒருத்தர் உக்காந்து ஒண்ணு செஞ்சு தந்தது இதுவரைக்கும் இல்லட்டி’ன்னு அழுதா. பொறகு என்ன செய்ய?” என்றார். ஆச்சி கொடுத்தனுப்பிய நான்கு குஞ்சுகளும் கார்த்திகைக்குள் வளர்ந்துவிட்டன என்பதையும், மகன் பிறந்ததும் அவற்றில் ஒன்று என்ன ஆயிற்று என்பதையும் அவரே சொன்னார். என் சைவ ஆச்சி அனுப்பிய பத்தியச் சாறு அது. ஆச்சிக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் திட்டியிருப்பாள் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். இந்த மேடைக்கு வரும் வழியில்தான், சாற்றுக்கு மிளகும் கொடுத்தனுப்பியிருப்பாளோ என்று தோன்றியது.

நண்பர் சுமை, மகிழ்ச்சி என்று தராசு வைத்துப் பேசினார். அந்தத் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இதை எப்படி வாதமாக்குவது என்றும் தெரியவில்லை. அன்று நான் வெறுங்கையோடு போயிருந்தேன். கிளம்பும்போது அந்தப் பெண் இரண்டு கட்டுத் தண்டுக்கீரையைத் தாளில் சுற்றி என் மடியில் வைத்தார். காசை நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார். திருநெல்வேலி வரும்வரை அந்த ஈரம் சேலையில் ஊறிக்கொண்டே வந்தது.

போன வாரம் சிவப்பில் ஒரு கட்டும் வெள்ளையில் ஒரு கட்டும் வயர் வாங்கினேன். விரல்களுக்கு முடிச்சு மறந்துபோய்விட்டது. அடிப்பகுதி முடிந்திருக்கிறது, இப்போதே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்.