டீச்சருக்குப் பக்கத்துல போய் நில்லுங்க

(ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன், அங்கங்க வெட்டினது மட்டும் தான்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி.

அழைப்பிதழ்ல "ஆப்பிரிக்க ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி ஒளி ஏற்றியவர்"னு போட்டிருக்கீங்க. அன்புக்கு நன்றி, ஆனா நான் ஒளியெல்லாம் ஏத்தல, நான் வாலண்டியரா இருந்த ஸ்கூல்ல கரண்டே கிடையாது, ஹெட்மாஸ்டர் ரூம்ல ஒரு சோலார் லைட், எல்லாரும் போன் சார்ஜ் போடறது அதுல தான். இன்னொண்ணு, ஆப்பிரிக்கான்னா 54 நாடு. எனக்குத் தெரிஞ்சது தான்சானியா, அதுலயும் நடுவுல இருக்கற சிங்கிடா பக்கம், மழை கம்மி, சூரியகாந்தி விளையற ஊரு. அதை வெச்சுத் தான் பேசப்போறேன், நைஜீரியால எப்படின்னு என்னைக் கேக்காதீங்க.

நீங்க எல்லாம் டீச்சர் ஆகப்போறவங்க, உங்கள்ல ரெண்டு பேராவது வெளிநாட்டுக்கு வாலண்டியரா போகணும்னு நினைப்பீங்க, அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அங்க டீச்சருக்குப் படிச்சவங்களுக்குப் பஞ்சம் இல்ல. சம்பளம் குடுத்து வேலைக்கு வெக்கறதுக்குக் காசு தான் பஞ்சம். காலேஜ் முடிச்சு சர்டிஃபிகேட்டோட போஸ்டிங் வருமான்னு காத்துக்கிட்டு, கடை வெச்சுக்கிட்டு, போடாபோடா ஓட்டிக்கிட்டு (நம்ம பைக் டாக்சி தான்) எத்தனையோ பேர் இருக்காங்க. அப்ப நீங்க விமானம் ஏறிப் போய் போர்டு முன்னாடி சாக்பீஸ் பிடிச்சு நின்னா, யாரோட இடத்துல நிக்கறீங்க? இதை யோசிச்சிட்டுத் தான் டிக்கெட் போடணும்.

ஒரு காலத்துல ஆள் இல்லாம இருந்தது உண்மை. வெளிநாட்டுக்கு வாலண்டியர் அனுப்பற அமைப்புங்க அப்ப தான் வந்துச்சு, பிரிட்டன்ல விஎஸ்ஓ ஆரம்பிச்சது 1958ல, அமெரிக்காவோட பீஸ் கார்ப்ஸ் 1961ல, அவங்களோட முதல் செட் அந்த ஆகஸ்ட்லயே கானாவுக்குப் போச்சு, போனவங்க எல்லாம் ஸ்கூல் டீச்சர் வேலைக்குப் போனவங்க. டாங்கனிக்காவுக்கு (இப்பத்திய தான்சானியாவோட பெரும்பகுதி, அன்னைக்குப் பேரு அது) சுதந்திரம் கிடைச்சதும் அதே 1961 டிசம்பர் 9. அந்த நேரத்துல அங்க டிகிரி முடிச்ச உள்ளூர் ஆளுங்களை விரல் விட்டு எண்ணிடலாம். எத்தியோப்பியால பேரரசர் ஹைலே செலாசி அரசாங்கம் இந்தியாலேர்ந்து டீச்சர்களை சம்பளத்துக்கு எடுத்து ஊர் ஊரா அனுப்பிச்சு, மலையாளிங்க நிறைய, நம்ம பக்கத்து ஆளுங்களும் போனாங்க. அவங்க வாலண்டியர் இல்ல, வேலைக்குப் போனவங்க, வருஷக்கணக்கா இருந்தாங்க. இப்பவும் வயசான எத்தியோப்பியர் யார்கிட்டயாவது இந்தியான்னு சொல்லிப் பாருங்க, கணக்கு டீச்சரைப் பத்தி ஒரு கதை வரும்.

தான்சானியாவோட முதல் ஜனாதிபதி நைரேரேவே ஒரு டீச்சர். தபோரால, புகுல எல்லாம் பாடம் எடுத்தவர், கடைசி வரைக்கும் ஊரே அவரை ம்வாலிமுன்னு தான் கூப்பிட்டுச்சு, அதாவது வாத்தியார்னு. நாட்டோட தலைவருக்கே பட்டப்பேரு வாத்தியார்! 1970கள்ல முதியோர் கல்வியை ஊர் ஊரா கொண்டு போனாங்க, எல்லாப் பிள்ளைங்களும் ஸ்கூலுக்கு வரணும்னு முடிவெடுத்தப்ப டீச்சர் பத்தலன்னு ஏழாவது முடிச்ச பசங்களையே பயிற்சி குடுத்து டீச்சராக்கினாங்க. அப்புறம் 80கள்ல கடன், நெருக்கடி, ஸ்கூலுக்கு ஃபீஸ் வந்துச்சு, பிள்ளைங்க நின்னாங்க. 2001ல ஆரம்பப் பள்ளி ஃபீஸை எடுத்தாங்க, 2016லேர்ந்து ஃபார்ம் ஃபோர் வரைக்கும், அதாவது உயர்நிலைப் பள்ளி நாலாவது வருஷம் வரைக்கும், ஃபீஸ் இல்ல. ஒவ்வொரு தடவை ஃபீஸ் எடுக்கும்போதும் பிள்ளைங்க வெள்ளம் மாதிரி வந்துருவாங்க, ஆனா கட்டடமும் போஸ்டிங்கும் அந்த வேகத்துல வராது. ஒரு டீச்சருக்கு 45 பிள்ளைங்கன்னு கணக்கு, கிராமத்துல ஒண்ணாங்கிளாஸ்ல நூத்துக்கு மேல உக்காந்திருப்பாங்க, பெஞ்சு இருந்தா மூணு பேருக்கு ஒண்ணு, இல்லாட்டி தரை.

அந்த கிளாஸ் எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன். காலைல பிள்ளைங்க வரும்போதே ஒரு கைல விளக்குமாறு, இன்னொரு கைல தண்ணி கேன், முதல்ல பெருக்கி தண்ணி தெளிச்சுட்டுத் தான் பாடம். ஆம்பளைப் பிள்ளை பொம்பளைப் பிள்ளை எல்லாருக்கும் முடி ஒட்ட வெட்டியிருக்கும், பாவாடையைப் பாத்துத் தான் தெரிஞ்சுக்கணும். பென்சில் சீவறதுக்கு ஷார்ப்னர் கிடையாது, பாதி பிளேடு, அதை ஏழு வயசுப் பிள்ளை அசால்ட்டா பிடிக்கறதைப் பாத்தா நமக்கு வயித்தைக் கலக்கும். பெரியவங்களைப் பாத்தா "ஷிகாமோ"ன்னு சொல்லணும், நாம "மரஹாபா"ன்னு சொல்லணும், நூறு பிள்ளைங்க தனித்தனியா சொன்னாலும் நூறு தடவை பதில் சொல்லணும், சொல்லாட்டி மரியாதை இல்ல.

டீச்சர் போர்டுல கணக்கு போட்டுட்டு "துமெலெவானா?"ன்னு கேப்பாரு, புரிஞ்சுதான்னு. நூறு குரலும் ஒண்ணா "ந்தியோ ம்வாலிமு!"ன்னு கத்தும், ஆமா வாத்தியாரேன்னு, ஓடு அதிரும். நமக்கு சந்தோஷமா இருக்கும். ஆனா அந்த "ந்தியோ"வுக்கும் புரிஞ்சதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு நாள் மூணாங்கிளாஸ்ல நோட்டு நோட்டா பாத்துட்டு வரும்போது ஒரு பையன் ஏழு நாலு எவ்வளவுங்கிறதுக்கு 74ன்னு எழுதி வெச்சிருக்கான். நான் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்வாஹிலில (நாடு பூரா பொதுப் பாஷை, ஸ்கூல்ல பாடமும் அதுல தான்) விளக்கறேன், சோடா மூடியை நாலு நாலா அடுக்கிக் காட்டறேன் (அங்க கணக்குக்கு எல்லாரும் சோடா மூடி தான்), அவன் மண்டையை மட்டும் ஆட்டறான். பக்கத்துல வந்த உள்ளூர் டீச்சர் குனிஞ்சு அவன்கிட்ட ஏதோ ரெண்டு வாக்கியம் பேசினாரு, ஸ்வாஹிலி இல்ல, ந்யாதுரு, அவன் வீட்டுல பேசற பாஷை. பையன் கடகடன்னு மூடியை அடுக்கி எண்ணி 28ன்னு சொல்லிட்டான். அவனுக்குக் கணக்கு வரும், கணக்கு சொல்லிக்குடுக்கற பாஷை தான் இன்னும் வரல. அதைக் கண்டுபிடிக்க அந்த டீச்சருக்கு மூணு நிமிஷம் கூட ஆகல, நான் வருஷம் முழுக்க உக்காந்திருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.

இதுக்குத் தான் சொல்றேன், உங்க வேலை பிள்ளைங்களோட இல்ல, டீச்சர்களோட. பிள்ளையோட பாஷை, வீடு, அப்பன் குடிக்கறானா, ஆடு மேய்க்க நிப்பாட்டறாங்களா எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்கு இல்லாதது என்ன? நூறு பேரைத் தனியா சமாளிக்கறாரு, கூட ஒரு ஆள் இல்ல, புதுசா ஒரு முறையை செஞ்சு பாக்க நேரம் இல்ல, அவரு வேலையை உக்காந்து பாத்து "இது நல்லா இருந்துச்சு சார்"னு சொல்ல நாதி இல்ல. அந்த இடத்துல தான் நாம உபயோகப்படுவோம்.

நாங்க செஞ்சது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, நம்ம ஊரு சரக்கு. பிரதம் அமைப்பு 2005லேர்ந்து வீடு வீடா போய் பிள்ளைங்க படிக்கறாங்களான்னு பாத்து அறிக்கை விடறாங்களே, ஏசர்னு, உங்களுக்குப் பாடத்துலயே வந்திருக்கும். அதைப் பாத்து 2009ல கென்யா, தான்சானியா, உகாண்டால உவேசோன்னு அதே மாதிரி ஆரம்பிச்சாங்க. எந்த கிளாஸ்னு பாக்காம, யாருக்கு எழுத்து தெரியும், யாருக்கு வார்த்தை, யாருக்குப் பத்தின்னு பிரிச்சு உக்கார வெச்சு தினம் ஒரு மணி நேரம் சொல்லிக்குடுக்கற முறையும் பிரதமோடது, அது ஜாம்பியால அரசுப் பள்ளிகள்லயே நடக்குது. அதைத் தான் நாங்களும் மதியத்துக்கு மேல செஞ்சோம், பாடம் எடுத்தது உள்ளூர் டீச்சருங்க, நான் கார்டு வெட்டிக் குடுத்தேன், சோதிச்சுப் பாத்துப் பிரிக்க உதவி பண்ணேன், அடுத்த நாளைக்கு என்னன்னு கூட உக்காந்து பேசினேன். நான் கிளம்பி வந்தப்புறம் சில டீச்சருங்க விட்டுட்டாங்க, சில பேரு இன்னும் செய்யறாங்க, வாட்சப்ல போட்டோ வருது. விட்டவங்களையும் குறை சொல்ல மாட்டேன், நூறு பிள்ளையை வெச்சுக்கிட்டு நீங்க செஞ்சு பாருங்க.

போன உடனே "எங்க ஊர்ல இப்படி இல்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க. கல்யாணமாகி வந்த மருமக முதல் நாளே அடுப்பை இடம் மாத்தி வெச்ச கதையாயிடும். முதல் டெர்ம் பூரா சும்மா பின் பெஞ்சுல உக்காருங்க, பாஷை கத்துக்கங்க.

பிரம்பு விஷயம் கேப்பீங்க. ஆமா, அடிக்கறாங்க, அங்க சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. முதல் தடவை பாக்கறப்ப கத்தணும் போல இருக்கும். பிள்ளைங்க முன்னாடி கத்தினீங்கன்னா அந்த டீச்சர் அதுக்கப்புறம் உங்ககிட்ட எதுவுமே பேச மாட்டாரு. நான் அடிக்க மாட்டேன்னு முதல் நாளே ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னேன், என் கைல பிரம்பு இல்லாமலே கிளாஸ் நடக்குதுன்னு பாத்து ஒண்ணு ரெண்டு பேர் கேட்டாங்க எப்படின்னு. அவ்வளவு தான் முடிஞ்சுது. நம்ம ஊர்லயும் பிரம்பு போய் ரொம்ப வருஷம் ஆகல, மறந்துறாதீங்க.

சாப்பாடு. காமராஜர் 1956ல மதிய உணவு கொண்டு வந்தாரு, நமக்குப் பழகிப்போச்சு, இப்ப காலைலயும் போடறோம். அங்க நிறைய கிராமத்துல பெத்தவங்க மக்காச்சோளமும் பீன்ஸும் கொண்டு வந்து குடுத்தா அதை ஒண்ணா வேக வெச்சு மகாண்டேன்னு போடுவாங்க, மழை பொய்ச்ச வருஷம் குடுக்க முடியாது, அன்னைக்கு மதியத்துக்கு மேல பாடம் எடுத்தும் பிரயோஜனம் இல்ல, பிள்ளை தூங்கிரும்.

இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போறேம்பீங்க, அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. அங்க ஆரம்பப் பள்ளி பூரா ஸ்வாஹிலில படிச்சுட்டு (ஏழு வருஷமா இருந்ததை இப்ப ஆறா குறைச்சுட்டு வராங்க) ஃபார்ம் ஒன்னுக்குப் போன உடனே எல்லாப் பாடமும் இங்கிலீஷ். பயாலஜி, ஹிஸ்டரி, எல்லாம். டீச்சர் போர்டுல இங்கிலீஷ்ல எழுதிட்டு ஸ்வாஹிலில விளக்குவாரு, பிள்ளை எழுத்து எழுத்தா வரைஞ்சுக்கும், பரீட்சை இங்கிலீஷ்ல. தமிழ் மீடியத்துல பன்னெண்டாவது முடிச்சு இன்ஜினியரிங் காலேஜ்ல முதல் செமஸ்டர்ல முழிச்சவங்க இங்க இருப்பீங்களே, அதே தான், ஆனா வயசு பதினாலு. ஃபார்ம் ஒன் ஆரம்பத்துல சில வாரம் இங்கிலீஷ் மட்டும் நடத்தற வழக்கம் அங்க இருக்கு, அதுல ஒரு வெளியாள் கூட இருந்தா பிள்ளைங்களுக்குப் பேசிப் பழக வாய்ப்பு. வெள்ளைக்காரனை விட நம்ம இங்கிலீஷ் அவங்களுக்கு சீக்கிரம் புரியுது, அதுவும் ஒரு சௌகரியம். (தான்சானியாவோட தீவு சான்சிபார்ல 2023லேர்ந்து நம்ம சென்னை ஐஐடி கிளை நடக்குது, ஆனா இந்த கிராமத்துப் பிள்ளைங்க அதுக்கு முன்னாடி தாண்ட வேண்டியது இந்த ஃபார்ம் ஒன்.)

இப்ப எதை செய்யவே கூடாதுன்னா, காசு கட்டி ரெண்டு வாரம் அநாதை இல்லத்துக்குப் போறது. கிளிமஞ்சாரோ ஏற வரவங்க மோஷி, அருஷால இறங்கறாங்க இல்லையா, மலை ஏறிட்டு, சஃபாரி போயிட்டு, நடுவுல ஒரு வாரம் பிள்ளைங்களைக் கொஞ்சிட்டு போட்டோ எடுத்துட்டுப் போறதுக்குன்னே ஒரு வியாபாரம் இருக்கு. அந்த இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னு குழந்தைகள் நலத்துல வேலை செய்யறவங்க பல வருஷமா கத்திட்டிருக்காங்க. சாப்பாடும் படிப்பும் கிடைக்கும்னு பெத்தவங்க விட்டுட்டுப் போறாங்க, வெளிநாட்டுக் காசு வரவர இல்லம் பெருகுது, பிள்ளை மாசத்துக்கு ஒரு புது "அக்கா" மடில ஏறி மாசத்துக்கு ஒரு தடவை அழுவுது. நல்ல மனசோட போறவங்களை வெச்சே நடக்கற அநியாயம் இது, எனக்கு இதைப் பேசினாலே கோவம் வரும். கென்யா 2017லயே புது இல்லங்களுக்குப் பதிவு குடுக்கறதை நிறுத்திடுச்சு. பிள்ளைங்க போட்டோவை இன்ஸ்டால போடறதுக்கும் இதே தான், உங்க பிள்ளையை மூக்கு ஒழுகறப்ப ஒரு தெரியாத ஆள் போட்டோ எடுத்துப் போட்டா விடுவீங்களா?

கடைசியா நடைமுறை விஷயம், நோட் பண்ணிக்கங்க. டூரிஸ்ட் விசால போய் கிளாஸ் எடுக்கக் கூடாது, வாலண்டியருக்குன்னு கிளாஸ் சி ரெசிடன்ஸ் பர்மிட் இருக்கு, கூப்பிடற அமைப்பு அதை வாங்கித் தரலன்னா அந்த அமைப்பே வேணாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கிளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டுக்கங்க, சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க, கென்யா எத்தியோப்பியா வழியா எல்லாம் வருவீங்க, மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கற நாட்டுலேர்ந்து ஊசி போட்ட கார்டு இல்லாம வந்தா நம்ம ஏர்போர்ட்லயே ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சுருவாங்க. மலேரியாவுக்கு டாக்டரைப் பாருங்க, கொசு வலையை விடாதீங்க. ஒரு வருஷத்துக்குக் கம்மியா போறதா இருந்தா போகாதீங்க, அந்த டிக்கெட் காசுல உள்ளூர் டீச்சர் ஒருத்தருக்கு சம்பளம் குடுக்க வழி இருக்கான்னு பாருங்க. இல்ல இங்கயே இல்லம் தேடிக் கல்வில சாயங்காலம் உங்க தெருப் பிள்ளைங்களுக்கு எடுத்தீங்களே, அது ஒண்ணும் மட்டமான வாலண்டியர் வேலை இல்ல, சொல்லப்போனா அது தான் சரியான முறை, பாஷை தெரிஞ்ச, பிள்ளையோட வீடு தெரிஞ்ச ஆளு.

ஸ்கூல் ஜனவரில திறக்கும், அதுக்கேத்த மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. நேரம் சொல்றது அங்க விடியறதுலேர்ந்து கணக்கு, காலைல ஏழு மணியை ஒரு மணிம்பாங்க, ஹெட்மாஸ்டர் ரெண்டு மணிக்கு வாங்கன்னா காலைல எட்டுக்குப் போய் நில்லுங்க, மத்தியானம் போகாதீங்க.

கேள்வி இருந்தா கேளுங்க, முன் வரிசைல அந்தத் தங்கச்சி ரொம்ப நேரமா கை தூக்கிட்டிருக்கு, மைக்கை அங்க குடுங்க.