ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள்

நண்பர்களே, வணக்கம்.

லடாக்குக்குத் தனியாக மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகத் திட்டம் போடுகிறவர்கள் எந்த வண்டி, எந்த டயர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, லே நகருக்குப் போகும் ஸ்ரீநகர், மணாலி சாலைகளில் எந்தப் பக்கமாக ஏறுவது என்பது. தனி ஆள் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவதே நல்லது.

காரணம் உயரக் கணக்கு. மணாலி சுமார் 2,050 மீட்டர். காலையில் கிளம்பினால் சாயங்காலம், லே போகும் வழியில் உள்ள சர்ச்சு கூடாரங்களுக்குப் போய்விடலாம். அது ஏறக்குறைய 4,300 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டிய பின், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்கிறது மலை மருத்துவம். இங்கே ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறிவிடுகிறோம். அதைவிட மோசம், சர்ச்சுவில் ராத்திரி உடம்பு கெட்டால் நேராக இறங்க வழியில்லை. தெற்கே 4,890 மீட்டர் பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்), வடக்கே 5,060 மீட்டர் லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏறித்தான் இறங்க வேண்டும்.

ஸ்ரீநகர் வழியில் 3,528 மீட்டர் சோஜிலா கணவாயைக் கடந்தாலும் கார்கிலில் 2,700 மீட்டரில்தான் படுக்கிறோம். மறுநாள் 3,500 மீட்டர் லே. அங்கே இரண்டு முழு நாள் வண்டியைத் தொடாதீர்கள். அதன் பிறகு சர்ச்சுவில் தங்கினால் உடம்பு ஓரளவு பழகியிருக்கும்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் மேலே போகக் கூடாது. கூட ஆள் இருந்தால் நம் தடுமாற்றத்தை அவர் கவனிப்பார். தனியாகப் போகிறவர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேர்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்துப் பத்து அடி நடங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டுக்கும் மருந்து உடனே இறங்குவதுதான். ஆனால் தள்ளாடுகிற ஆள் வண்டி ஓட்டக் கூடாது. ராணுவ முகாமிலோ கூடாரத்திலோ உதவி கேட்டு, வேறு வாகனத்தில் இறங்குங்கள். உயர மலை நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

இன்ஜினுக்கும் அதே மூச்சுத் திணறல்தான். 5,328 மீட்டர் தங்லங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். இழுவை மட்டும் குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிஞ்சி, பிளக் கறுத்து, கரும்புகை வரும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு காடி (பள்ளம்) மேலே மாட்டினால் நீடில் இறங்கி, பெட்ரோல் குறையும். மணாலிக்கு இறங்கியதும் பழைய காடிக்கே மாற்றிவிடுங்கள். மறந்தால் இன்ஜின் கொதித்துப் போகும். காற்று வேண்டுமென்று ஏர் ஃபில்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் புழுதி சிலிண்டரைத் தின்றுவிடும். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

பெட்ரோலை லேயிலோ காரூவிலோ முழுக்க நிரப்புங்கள். அடுத்து நம்பக்கூடிய பம்ப், மணாலி வழியில் தாண்டி என்ற ஊரில்தான். லேயிலிருந்து 365 கிலோமீட்டர். லிட்டருக்கு 30 கொடுக்கிற வண்டி, கீழ் கியரிலேயே ஏறும்போது 25 கொடுத்தால் பெரிது. 15 லிட்டர் டேங்கில் அது 375. ஐந்து லிட்டர் கேனில் தனியாக வேண்டும். கேனைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். மேலே போகப் போக உப்பும்; மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும்.

இனி நாலாக்கள். தனி ஆளை அதிகம் சோதிப்பது இந்தப் பனியுருகல் ஓடைகள்தான். வெயில் ஏற ஏறப் பனி உருகும். காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும். முற்பகலிலேயே கடந்துவிடும்படி கிளம்புங்கள். முதலில் நடந்து பாருங்கள். அல்லது ஒரு லாரி வரும்வரை காத்திருந்து, அதன் சக்கரம் போன தடத்தைப் பிடியுங்கள். முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர், பார்வை அக்கரையில். முன்சக்கரத்துக் கல்லைப் பார்த்தால் அதன் மேலேயே ஏறுவோம். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி, ஏர் பாக்ஸைத் துடைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். தண்ணீர் ஓட்டை வழியே பீய்ச்சி வெளியேறும். அது நின்ற பிறகே பிளக்கை மாட்டலாம்.

வண்டி சாய்ந்தால் அவசரப்படாதீர்கள். 200 கிலோ வண்டியை 4,500 மீட்டரில் ஒரே மூச்சில் தூக்க முயன்றால் கண் இருட்டும். சாவியை அணைத்து, மூட்டைகளை இறக்கி, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே விரித்துவிடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் கேரியரையும் பிடித்து, தொடை பலத்தால் பின்னோக்கி அடி வைத்துத் தூக்க வேண்டும்.

உதிரிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கிளட்ச் கேபிள். புதியதைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவிடுங்கள். அறுந்தால் இரு முனையையும் மாட்டினால் போதும். கிளட்ச், பிரேக் லீவர்கள், செயின் லாக், டியூப், காற்றடிக்கும் பம்ப் கூடவே இருக்கட்டும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது; போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பாங், சர்ச்சு பகுதியில் நெடுந்தூரம் சிக்னல் இருக்காது. சாட்டிலைட் கருவி கொண்டுபோகலாமா என்று கேட்பீர்கள். அரசு அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வழக்கு வரும். ஆகவே, லேயை விட்டுக் கிளம்பும் அன்று வீட்டுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: வண்டி எண், எங்கே தங்குகிறீர்கள், மணாலிக்கு இறங்கும் வழியில் உள்ள கேலாங்கிலிருந்து எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள். அழைப்பு வராவிட்டால் லே, கேலாங் காவல் நிலையங்களுக்குப் பேசச் சொல்லி, இரண்டு எண்களையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.